ஊரே ஏழைதான், ஆனால் ஏன் இந்த நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும்?

வடக்குத்தெரு கேட்டது:

காவிரிக் கடைமடையில் ஓர் ஊராட்சி. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு "ஆபத்தில் உள்ள குழந்தைகள்", அதாவது வேலைக்கோ அடமானத்துக்கோ கூட்டிப்போகப்படக்கூடிய பிள்ளைகள், பட்டியல் தயாரிக்க வேண்டும். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் எல்லாரும் 'வறுமை' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஊரில் முக்கால்வாசி வீடு வறுமைதான். ஆனால் ஆட்டுக்கிடையில் மேய்க்கப் போவதும், நூற்பாலை மில் வேனில் ஏறுவதும், வடக்கே முறுக்குக் கம்பெனிக்குப் போவதும் குறிப்பிட்ட சில வீட்டுப் பிள்ளைகள்தான். அதே தெரு, அதே கூலி, பக்கத்து வீட்டுப் பையன் புத்தகப்பையோடு பள்ளிக்கூடம் போகிறான். என்ன வித்தியாசம்? பிள்ளை போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள எதைப் பார்க்க வேண்டும்?

விழிப்புணர்வு வாசகம் வேண்டாம். நோட்டீஸ் கட்டுக்கட்டாக இருக்கிறது.

---

களத்துமேடு எழுதியது:

அந்தக் கட்டத்தில் 'வறுமை' என்று எழுதுவதும் ஒன்றும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். வறுமை எப்போதும் இருப்பது. பிள்ளை போவது ஒரு குறிப்பிட்ட வாரத்தில். அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பெரும்பாலும் ஒரு மொத்தச் செலவு வந்திருக்கும். ஆஸ்பத்திரி, சாவு, மூத்தவள் கல்யாணம், சடங்குக்குச் சீர். தினக்கூலிக் குடும்பம் நூறு இருநூறைச் சமாளிக்கும், இருபதாயிரத்தைச் சமாளிக்காது. மகளிர் குழுக் கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் வாரத் தவணைக்காரர் வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் கையில் ரொக்கத்தோடு வருபவர் வங்கிக்காரர் இல்லை. கிடைக்காரருக்குத் தெரிந்தவரோ, மில் ஏஜெண்டோ, செங்கல் சூளை மேஸ்திரியோ வருவார். அவர் கடன் என்று சொல்வதில்லை, "அட்வான்ஸ் வாங்கிக்கங்க, பையன் ஒரு வருசம் இருந்துட்டு வரட்டும்" என்பார். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் இதுதான் நடந்தது. தென்னை சாய்ந்தது, தோப்பு வேலை நின்றது, வீட்டுக் கூரைக்குப் பணம் வேண்டியிருந்தது. நிவாரணத்தை முந்திக்கொண்டு அட்வான்ஸ் வந்து சேர்ந்தது.

இரண்டாவது, குடியிருக்கும் மனை யாருடையது என்று பாருங்கள். பட்டா இல்லாமல் புறம்போக்கிலோ, இன்னொருவர் தோப்பு ஓரத்திலோ குடிசை போட்டிருக்கிற குடும்பம் "முடியாது" என்று சொல்ல முடியாது. திருவள்ளூர், விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கம் இருளர் குடும்பங்கள் அரிசி ஆலையிலும் சூளையிலும் சிக்குவதற்கு இது பெரிய காரணம். வேலை போனால் வீடும் போகும்.

மூன்றாவது, கணக்குப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறதா? தகப்பன் இறந்த வீடு, தகப்பன் குடியில் விழுந்த வீடு, தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போய்ப் பிள்ளைகள் பாட்டியிடம் வளரும் வீடு. இங்கே ஆபத்து பசியால் மட்டும் வருவதில்லை. பையனைப் பார்க்க அந்த ஊருக்குப் பஸ் ஏறிப்போய், "எங்கே படுக்கிறான், என்ன சாப்பிடுகிறான்" என்று விசாரிக்கிற ஆள் இல்லாததுதான் ஆபத்து. அழைத்துப் போகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். சித்தப்பனோ மாமனோ சண்டைக்கு வந்து நிற்கக்கூடிய வீட்டில் அவர் கை வைப்பது குறைவு.

நான்காவதுதான் பலர் தவறவிடுவது. அதே தெருவில் முன்பே ஒருவர் போயிருக்கிறாரா? கூட்டிப்போகிறவர் பெரும்பாலும் அந்நியர் அல்ல. "குழந்தை கடத்துகிறவன் வெள்ளை வேனில் வருவான்" என்று ஊர் பயந்து, யாரோ பிழைக்க வந்த வடநாட்டுப் பையனைக் கட்டி வைத்து அடிக்கிறது. நிஜத்தில் வருகிறவர் பொங்கலுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த சொந்தக்காரர்.

கிடையைப் பற்றி ஒரு விவரம். சம்பா அறுவடை முடிந்து வயல் தரிசாகும்போது ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (கிடை ஆடு மேய்ப்பவர்கள்) ஆடுகளோடு டெல்டாவுக்கு வருவார்கள். புழுக்கைக்காக இரவில் வயலில் அடைப்பார்கள். சில இரவுக்கு ஒரு வயல், பிறகு அடுத்த ஊர். எல்லாக் கிடையிலும் இப்படி நடப்பதில்லை, பல கிடைகளில் சொந்தக் குடும்பமே மேய்க்கிறது. ஆனால் அடமானத்துக்கு வந்த சிறுவன் அங்கே இருந்தால் அவனுக்கு முகவரியே கிடையாது. தொழிலாளர் துறை ஆய்வாளர் போவதற்கு ஒரு கதவு எண் வேண்டும், வயல்வெளிக்கு எண் ஏது? புகார் தாலுகா விட்டுத் தாலுகா போவதற்குள் கிடை மாவட்டமே மாறியிருக்கும். அதனால் கிடை நகர்ந்த பிறகு தேடுவதைவிட, தை, மாசியில் யார் வீட்டில் யார் அட்வான்ஸ் கொடுத்தார் என்று பார்ப்பது சுலபம்.

கிடையில் ஒரு பையனைப் பார்த்தால் "உனக்கு எத்தனை வயசு, உன்னை அடிக்கிறாங்களா" என்று ஆரம்பிக்காதீர்கள். சொல்லிக்கொடுத்த பதில் தயாராக இருக்கும். "கடைசியா எப்ப ஊருக்குப் போன? பொங்கலுக்கு வீட்டுல இருந்தியா? அம்மா நம்பர் மனப்பாடமா தெரியுமா?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய இடம் அது.

---

கரும்பலகை எழுதியது:

களத்துமேடு சொன்னதோடு பள்ளிக்கூடத்துப் பக்கத்தைச் சேர்க்கிறேன். வருகைப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தால் வீட்டுக்குப் போகாமலேயே பாதிப் பட்டியல் கிடைத்துவிடும்.

திடீரென்று ஒருநாள் நின்றுபோகிற பிள்ளைகள் குறைவு. முதலில் திங்கட்கிழமை வராது. பிறகு வாரத்தில் இரண்டு நாள். பரீட்சைக்கு மட்டும் வரும். அப்புறம் கோடை விடுமுறையில் "லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருக்கான்" என்பார்கள், ஜூனில் பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும். ஆகவே ஜூன் இரண்டாவது வாரம் ஒரு தடவை, பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம் ஒரு தடவை, வகுப்பு வாரியாக வராதவர் பெயரை எடுங்கள். இந்த இரண்டு வாரமும் முக்கியம், மற்ற மாதங்களில் வழக்கமான கண்காணிப்பு போதும்.

எந்த வகுப்பில் அறுந்துபோகிறது என்பதும் ஒரே மாதிரிதான். ஐந்து முடித்து ஆறு, எட்டு முடித்து ஒன்பது, பத்தில் தோல்வி. எட்டாம் வகுப்போடு ஊர் நடுநிலைப் பள்ளி முடிகிறது, உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும். சைக்கிள் தேவைப்படுகிற ஒன்பதிலும் பத்திலும் பஸ்ஸை நம்பி இருக்க வேண்டும், அந்த பஸ் காலையில் ஒரு நடை வராவிட்டால் பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இன்னொரு பக்கம், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, எல்லா வேலைக்கும் தடை, 14 முதல் 18 வரை அபாயகரமான வேலைக்கு மட்டும் தடை. படிப்பும் கட்டாயமில்லை, வேலையும் முழுக்கக் குற்றமில்லை என்ற அந்த நாலு வருசத்தைத்தான் ஏஜெண்ட் குறிவைக்கிறார்.

டி.சி. விசயத்தில் கவனம் தேவை. "வெளியூர் போகிறோம்" என்று பெற்றோர் டி.சி. கேட்டால் தலைமையாசிரியர் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் எந்தப் பள்ளி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். டி.சி. போட்டதும் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் அந்தப் பிள்ளை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும். இன்னொரு பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டால்தான் படிக்கிறது என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்தும் பூலிலேயே கிடந்தால் அந்தப் பெயரைக் குழுவுக்குக் கொடுங்கள். நடைமுறையில் நடக்கிற தப்பு, எங்கள் பள்ளி இடைநிற்றல் கணக்கில் வராது என்று பலர் டி.சி. கொடுத்ததோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். சில இடத்தில் பெயரை நீக்காமல் வருகை மட்டும் போட்டு வைப்பதும் உண்டு. அது இன்னும் மோசம். பிள்ளை சூளையில் இருக்கும்போது, "அன்று அவன் வகுப்பில் இருந்தான்" என்று முதலாளியின் வக்கீலுக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுக்கிறோம்.

---

ஊமத்தம்பூ எழுதியது:

பெண் பிள்ளைகளுக்கு வழி வேறு, அதனால் தனியாக எழுதுகிறேன்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளுக்கு ஆள் எடுக்க ஏஜெண்டுகள் தெற்கு மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் வருவது மே மாதத்தில், பொதுத்தேர்வு முடிவு வந்தவுடன். தோல்வியடைந்த பிள்ளையின் வீட்டில் அன்றைக்கு அழுகையும் திட்டும் இருக்கும், மறுநாள் அவர் போவார். முன்பு 'சுமங்கலித் திட்டம்' என்றார்கள். மூன்று வருசம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை மொத்தமாக. அந்தப் பெயர் கெட்டுப்போனதும் வேறு பெயர்கள் வந்தன, ஆள் பிடிக்கிற முறை மாறவில்லை. தினமும் கூலியில் பிடித்து வைப்பதைத்தான் கடைசியில் 'பரிசு' மாதிரி கொடுப்பது. இரண்டே முக்கால் வருசத்தில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் மொத்தத் தொகை போச்சு. பஞ்சுத் தூசி, ராத்திரி ஷிப்ட், மாதவிலக்குக் கோளாறு எல்லாம் சேர்ந்து முடிக்க முடியாமல் திரும்புகிறவர்கள் நிறைய.

இதில் வரதட்சணையை எடுத்துவிட்டால் திட்டமே சரிந்துவிடும். தாய்மார்களிடம் "பிள்ளையை வேலைக்கு அனுப்பாதே" என்று பேசினால் காதில் ஏறாது, அவர்கள் அனுப்புவது கல்யாணக் கணக்குக்கு. அந்தக் கணக்கை எடுத்து வைத்துப் பேசுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்று வருசத்தில் 36,000. மில் காட்டுகிற தொகைக்கு அருகில்தான் இருக்கிறது, கூடவே ஒரு பட்டம். பத்தில் தோல்வி என்றால் துணைத்தேர்வு அடுத்த சில வாரத்தில் வந்துவிடும். ஏஜெண்ட் வருவதற்குள் அதற்கு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். அந்த இரண்டு வாரத்தைப் பிடித்தால் ஒரு பிள்ளை மிச்சம்.

இன்னொன்று. வீட்டில் அவசரக் கல்யாணப் பேச்சு நடக்கிற 15, 16 வயசுப் பெண், போனில் பழகியவனை நம்பிக் கிளம்புகிறாள். அவளைத் தள்ளிவிட்டது போன் என்று ஊர் பேசும். தள்ளிவிட்டது அந்தக் கல்யாணப் பேச்சு. போனைப் பிடுங்குவதால் ஆபத்து குறையாது, எங்கே போனாள் என்று கண்டுபிடிக்கும் வழிதான் குறையும்.

---

நாடோடி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இப்படி ஒரு பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நாலு இருளர் வீடு, மூணு காட்டுநாயக்கர் வீடு, விதவை வீடு இரண்டு. "பிள்ளையை விற்கிற வீடு" என்று நாளைக்கே டீக்கடையில் பேச்சு ஆகிவிடும். பிள்ளையை யாரும் விற்பதில்லை. சட்டம் எட்டாத ஒரு கடன் சந்தையில், ஈடாக வைக்க நிலமோ நகையோ இல்லாதவர்களிடம் கடன்காரன் கேட்கிற ஈடு பிள்ளை. 2025 மே மாதம் ஆந்திராவிலிருந்து வந்த செய்தி நினைவிருக்கும். வாத்து மேய்ப்பவரிடம் கடன் பட்ட யானாதி பழங்குடிக் குடும்பம், பையனைப் பிணையாக விட்டுவிட்டு வரச் சொன்னார்கள், கடைசியில் காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையிலிருந்து அவன் உடலைத் தோண்டி எடுத்தார்கள். அந்தத் தாயைக் குற்றவாளி வரிசையில் நிறுத்துவீர்களா?

பட்டியலில் வீட்டின் பெயரை எழுதாதீர்கள், அந்த வீட்டுக்கு எது கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். சாதிச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, ரேஷன் கார்டில் பிள்ளை பெயர் ஏறவில்லை, விதவை உதவித்தொகை விண்ணப்பம் நிலுவை. பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வருசக்கணக்கில் அலையவிடுகிறார்கள். சான்றிதழ் இல்லாததால் உதவித்தொகை இல்லை, விடுதியில் இடமில்லை, பத்தாவதோடு படிப்பு முடிந்தது. பிள்ளை சூளைக்குப் போனது 'விழிப்புணர்வு இல்லாததால்' என்று எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

---

வடக்குத்தெரு:

நாடோடி சொன்னது உறைக்கிறது. படிவத்தை அப்படியே மாற்றுகிறேன், பெயர்ப் பட்டியல் பொதுக்கோப்பில் இருக்காது. இரண்டு கேள்வி. ஒன்று, இன்னும் போகாத பிள்ளைக்கு சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா, அல்லது போன பிறகுதான் வழக்கா? இரண்டு, மீட்டுக் கொண்டுவந்த பையன்களே ஆறு மாதத்தில் திரும்பப் போய்விடுகிறார்கள் என்கிறார்கள். ஏன்?

---

வழக்குக்கட்டு எழுதியது:

முதல் கேள்விக்கு: முடியும். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 2(14) பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று வரையறுக்கிறது. கடத்தலில் சிக்க வாய்ப்புள்ள குழந்தையும், சிறுவயதுத் திருமணத்தில் தள்ளப்படும் நிலையில் இருக்கிற குழந்தையும் அதில் அடக்கம். அதாவது பிள்ளை வேன் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவுக்கு எழுதலாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம். எழுதும்போது "ஆபத்தில் உள்ளது" என்று பொதுவாக எழுதினால் கோப்பு தூங்கும். எந்தத் தேதியில், எவ்வளவு அட்வான்ஸ், யார் மூலமாக, எந்த ஊருக்கு என்று நாலு விவரம் இருந்தால் நகரும்.

மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று இருக்கிறது. தகப்பன் இல்லாத பிள்ளை, உறவினரிடம் வளரும் அநாதைப் பிள்ளை, வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளை போன்றவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய். வருட வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். வங்கிக் கணக்கு இல்லாமல் திரும்பி வருகிற விண்ணப்பங்கள் அதிகம். ஆகவே முதலில் பிள்ளை பெயரில் கணக்கு, பிறகு விண்ணப்பம்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. திரும்பப் போவதற்குக் காரணம் அநேகமாக மீட்ட அன்றைக்கே நடந்த தவறு.

மீட்பு என்றால் பல இடங்களில் நடப்பது இதுதான்: பையனைக் கூட்டி வருவார்கள், முதலாளி மீது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் மட்டும் வழக்குப் போடுவார்கள், சாயந்திரமே தகப்பனை வரவழைத்துக் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிடுவார்கள். கடன் அப்படியே நிற்கிறது. கொடுத்தவர் ஒரு வாரத்தில் வாசலுக்கு வருவார். பையனோ, அவன் தம்பியோ கிளம்ப வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது வேறு. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். அட்வான்ஸ் இருந்ததா என்று கேட்டு, இருந்தால் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்படி கடன் அந்த இடத்திலேயே செத்துவிடுகிறது. செத்த கடனை வசூலித்தாலே 3 வருடம் வரை சிறை. கடன் இல்லை என்று நிரூபிக்கும் வேலை பையனுடையது அல்ல, அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று காட்ட வேண்டியது கொடுத்தவர்தான். குடும்பத்துக்கு இதைப் புரியும்படி சொல்லி, சான்றிதழின் நகலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள், அலுவலகக் கோப்பில் மட்டும் இருந்து புண்ணியமில்லை. சான்றிதழ் இருந்தால் உடனடி நிதியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். குழந்தைக்கு மறுவாழ்வுத் தொகை 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமையான நிலையில் 3 லட்சம். மீதித் தொகை வழக்கு முடிவதோடு கட்டப்பட்டிருப்பதால் முதல் தகவல் அறிக்கை பலவீனமாக இருந்தால் பணமும் வராது.

அறிக்கையில் பிரிவுகள் விடுபடுவது சர்வசாதாரணம். பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 143 இருக்க வேண்டும். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதே அந்தப் பிரிவில் ஒரு வழிமுறை, பிள்ளை தானாக வந்தான் என்ற வாதம் எடுபடாது. குழந்தை என்றால் தண்டனை குறைந்தபட்சம் 10 வருடம். இளைஞர் நீதிச் சட்டம் 79, கொத்தடிமைச் சட்டம் 16, 17 சேர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளை என்றால், வேலை வாங்கியவர் அந்தச் சமூகங்களைச் சேராதவராக இருக்கும்போது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்). நாடோடி சொன்ன அதே சாதிச் சான்றிதழ் இல்லாததால் இந்தக் கடைசிப் பிரிவு விழாமல் போகிறது, அதோடு அதற்கான நிவாரணமும்.

வயது தகராறு வரும். முதலாளி "பதினெட்டு முடிஞ்சது" என்பார், ஆதாரில் ஜனவரி 1 என்று உத்தேசத் தேதி இருக்கும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசையைச் சொல்கிறது: முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் ஊராட்சி அல்லது நகராட்சி பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்புப் பரிசோதனை. எலும்புப் பரிசோதனையில் இரண்டு வருடம் முன்பின் ஆகும், பதினாறு பதினெட்டாகிவிடும். கரும்பலகை சொன்ன பதிவேட்டில் ஒரு பக்கம் நகல் எடுத்து வைத்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

---

கரும்பலகை:

சேர்த்துக்கொள்ள ஒன்று. திரும்பி வந்த பையனை வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது, 14 வரைக்கும். ஆனால் மூணு வருசம் ஆடு மேய்த்துவிட்டு வந்த பதின்மூன்று வயசுப் பையனை நேராக எட்டாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் ஓடிவிடுவான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலைக்கு வரும்வரை சிறப்புப் பயிற்சி மையத்தில் விட்டு, சாயந்திரம் சொந்த வகுப்புப் பையன்களோடு விளையாட விட வேண்டும். கடன் ரத்தானாலும் இது நடக்காவிட்டால் போய்விடுவான்.

---

வடக்குத்தெரு:

நன்றி, எல்லாருக்கும். பட்டியலில் 'காரணம்' கட்டத்தை எடுத்துவிட்டேன். பதிலாக: அட்வான்ஸ் தேதி, தொகை, கொடுத்தவர், மனைப்பட்டா, விடுபட்ட சான்று, காமன் பூல் நிலை. ஒரு சந்தேகம் மிச்சம். காணவில்லை என்று தாய் புகார் கொடுத்தால், "நீயே அனுப்பிட்டு இப்ப என்ன" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால்?

---

வழக்குக்கட்டு:

திருப்பி அனுப்பக் கூடாது. காணாமல் போன குழந்தை குறித்த ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும், கடத்தல் என்றே முதலில் கருத வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். எல்லை எங்களுடையது இல்லை என்றாலும் பதிந்துவிட்டு மாற்றி அனுப்பலாம். தாயைத் தனியாக அனுப்பாதீர்கள், குழு உறுப்பினர் ஒருவர் கூடப் போங்கள். புகாரை எழுதியே கொண்டுபோங்கள், பையனின் பள்ளிப் புகைப்படத்தை ஒட்டி. வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், நீதித்துறை நடுவரிடம் போக அது தேவைப்படும்.